அம்மா குடிக்காமல் வைத்த தண்ணீர்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அங்கே நன்றாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். அடுத்த வரியில் நாங்களும் நலம் என்று எழுதக் கை தானாகப் போகிறது, ஆனால் எழுத மாட்டேன். ஏனென்றால் இதே பார்சலில், துணிகளுக்கு மேலே, அம்மாவின் கடிதம் இருக்கும். அதில் இங்கு அனைவரும் நலம், நீ எதற்கும் கவலைப்படாதே என்று இருக்கும், கையெழுத்து என்னுடையதாக இருக்கும். தைத்துத் தைத்துக் கண் வலிக்கிறது என்று வழக்கம்போல அம்மா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். அனைவரும் நலம் என்று சொல்லும்போது அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள், நூல் உள்ளே போகவே இல்லை. அக்கா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அப்பாவுக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும், எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

சிரிக்காதே, இதை நான் கக்கூஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய இடம் இது ஒன்றுதானே. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, பூகோளப் புத்தகத்தை மடியில் வைத்து எழுதுகிறேன், அதனால் எழுத்துக் கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே. அப்பா இருமினாலே எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. எலக்ட்ரீஷியன் மாமாவின் மகள் விடிந்ததும் உன் ஊருக்குக் கிளம்புகிறாள், போகிற வழியில் பார்சலை வாங்கிக்கொள்வாள், அதற்குள் இதை எழுதி நீல ஸ்வெட்டரின் கைக்குள் திணித்துவிட வேண்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், அம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்து தொடையைக் கிள்ளிக்கொண்டிருக்கிறாள், எப்படிச் சொல்வது?

எல்லாம் இந்தக் கக்கூஸால் வந்தது. நீ போன கொஞ்ச நாளில், ஒவ்வொரு தடவை ஃப்ளஷ் இழுக்கும்போதும் பீங்கானின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து தரையெல்லாம் பரவ ஆரம்பித்தது. அப்பா முதலில் என்னைத்தான் பிடித்தார், குளிக்கப் போனா குளம் வெட்டிட்டு வரியா என்றார். அம்மா துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், பிறகு நாற்றமும் வந்தது, பிளம்பரைக் கூப்பிடலாம் என்றாள். நம் தெருப் பிளம்பரை உனக்குத் தெரியுமே, யார் கூப்பிட்டாலும் நாளைக்கு வந்துடறேன் என்பவர், அவருக்குப் பேரே நாளைக்கு என்று ஆகிவிட்டது, அவர் மனைவியே கடைக்காரரிடம் எங்க நாளைக்கு இங்க வந்தாரா என்று கேட்கிறாராம். அந்த நாளைக்கு வர்றதுக்குள்ள நானே பண்ணிடுவேன் என்றார் அப்பா. இந்த ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் ஏத்தி இறக்கறவன் நான், தரையில சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு பீங்கான் எனக்கு அடங்காதா என்றார். வெள்ளை சிமெண்ட் வாங்கிவந்து, அம்மா குளிக்கிற மக்கிலேயே குழைத்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு குப்புறப் படுத்து, பீங்கானைச் சுற்றி ஒரு பொட்டு இடைவெளி இல்லாமல் பூசினார். மேசை ஸ்பூனால் வழவழவென்று தேய்த்தும் விட்டார், அந்த ஸ்பூனைத் தூக்கிப்போட அம்மாவுக்கு மனசே வரவில்லை. காய்ந்த பிறகு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, கை வை, தரையில கை வச்சுப் பாரு, ஈரம் இருக்கா சொல்லு என்று ஒரே பெருமை. உனக்கும் போனில் சொன்னாரே, நீகூட அப்பா இனிமே கம்பெனி போர்டுல கக்கூஸும் சேர்த்துப் போட்டுக்கங்க என்று சிரித்தாயே, அப்போதுதான் விஷயம் கெட்டது.

அப்பா கசிவை அடைக்கவில்லை அக்கா, அது வெளியே வந்த வழியைத்தான் அடைத்திருக்கிறார். பீங்கான் அடியில் குழாயோடு சேருகிற இடத்தில்தான் விட்டுப்போயிருக்கிறது, மேலே வர முடியாத தண்ணீர் தளத்துக்குள் இறங்கிவிட்டது. நமக்கு நேர் கீழே என்ன இருக்கிறது சொல், கீழ்வீட்டு அத்தையின் அடுப்பு. அவரும் அம்மாவும் எப்படி இருந்தார்கள் என்று உனக்குத் தெரியும், ஒரே கத்தரிக்கோலை இரண்டு வீட்டிலும் வைத்துத் தைத்தவர்கள், மாடிப்படியில் நின்று பேச ஆரம்பித்தால் யாராவது போய்ப் பிரித்துக் கூட்டிவர வேண்டும். அந்த அத்தை ஒரு காலையில் கொதிக்கிற பால் பாத்திரத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு அப்படியே மேலே ஏறி வந்துவிட்டார். இதுல மேலேர்ந்து சொட்டியிருக்கு, என்ன சொட்டியிருக்குன்னு என் வாயால சொல்ல மாட்டேன், நீங்களே நினைச்சுக்கங்க என்றார். அம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், அடி வாங்கினது மாதிரி ஆகிவிட்டது. அப்பாவோ, எங்க தரை காய்ஞ்சு கிடக்கு, வந்து கை வச்சுப் பாருங்க, உங்க பைப்தான் எங்கேயாவது ஓட்டையா இருக்கும் என்றார். சாயங்காலம் அத்தை வீட்டு மாமா வந்தார், அவர்தான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், படியில் நின்று கத்தினார். லிஃப்ட் ரிப்பேர் பண்றவன்னா வாயும் மேலேயே போகணுமா, கொஞ்சம் கீழ இறக்குய்யா என்றார். அப்பா, கீழ இருக்கிறவங்க கீழ நின்னே பேசினா போதும் என்றார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று, போதும், உள்ள வாங்க, போதும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், யார் காதிலும் விழவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை நாங்கள் தண்ணீர் ஊற்றும்போதும் கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் கூரையில் தட்டுவார்கள். டொக் டொக் என்று நம் உள்ளங்காலில் வந்து படும். முதல் தடவை நான் சிரித்தேன், அம்மா சிரிக்கவில்லை. நம்ம வீட்டு அசிங்கம் அவங்க சாப்பாட்டுல விழுது, உனக்குச் சிரிப்பா இருக்கா என்றாள். அப்பாவுக்கும் உள்ளுக்குள் தப்பு நம்முடையதுதான் என்று தெரிந்துவிட்டது, ஆனால் படி இறங்கிப் போய் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அடுத்த லீவுல நானே மொத்தத்தையும் கழட்டி மாட்டிடறேன், அதுவரைக்கும் பார்த்து உபயோகிங்க, முடிஞ்ச வரைக்கும் வெளியில போயிட்டு வாங்க என்று எங்களிடம் சொன்னார். லீவு வந்தது, ஏதோ ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த லீவு என்றார். அப்பாவுக்குக் கஷ்டமில்லை, அவர் போகிற கட்டிடங்களிலெல்லாம் இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் போய்விடுகிறேன். ஒரு நாள் சாப்பிடும்போது, பாத்தீங்களா, இப்பல்லாம் தட்டற சத்தமே கேக்கறதில்ல, அழகா சமாளிச்சுட்டோம் என்று அப்பா தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னார். அம்மாவும் ஆமாம் என்றாள்.

நீயாக இருந்தால் அந்த நிமிஷமே கேட்டிருப்பாய் அக்கா, எனக்குத்தான் புத்தி லேட். அப்பா வெளியே போகிறார், நான் வெளியே போகிறேன், நாள் முழுக்க வீட்டில் மிஷின் முன்னால் உட்கார்ந்து காலர் தைக்கிற அம்மா எங்கே போவாள்? அம்மா போவதே இல்லை. போகாமல் இருப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதே இல்லை. நான் காலையில் அவள் மிஷின் பக்கத்தில் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுப் போவேன், சாயங்காலம் வந்தால் அப்படியே இருக்கும். வேலை மும்முரத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் பாட்டில் காலியாக இருந்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷம், ஆனால் ஜன்னலில் செடித்தொட்டி தண்ணீர் தளும்பத் தளும்ப நின்றது. அன்றைக்குத்தான் அம்மா ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்தேன், என்னம்மா இது என்றேன். நாக்கை நனைச்சுக்கிட்டா தாகம் அடங்கிடுதுடி, பகல்ல ஒரு தடவை போனா டொக்குன்னு தட்டறாங்க, எனக்கு உசிரே போயிடுது, ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு ஒரு தடவை போனா ஆச்சு, என்ன குறைஞ்சுபோச்சு என்றாள். அப்பாவிடம் சொல்கிறேன் என்றேன். உடனே என் கையைப் பிடித்து அவள் தலைமேல் வைத்துக்கொண்டாள். சொல்ல மாட்டேன்னு என் மேல சத்தியம் பண்ணு, சொன்னா அவர் நேரா கீழ போய்க் கத்துவார், அப்புறம் அவ முகத்துல நான் முழிக்கவே முடியாது, ஏற்கனவே படியில என்னைப் பாத்தா தலையைத் திருப்பிக்கறா என்றாள். நான் சத்தியம் பண்ணிவிட்டேன். சொல்ல மாட்டேன் என்றுதான் பண்ணினேன், எழுத மாட்டேன் என்று பண்ணவில்லை, அது சரிதானே? மீறினால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

இப்போது இரண்டு மூன்று நாளாக அம்மாவுக்குக் காய்ச்சல். இடுப்புக்கு மேலே முதுகில் ஒரு பக்கம் குத்துகிறது என்று கையை வைத்து அமுக்கிக்கொண்டே தைக்கிறாள். ஒன்றுக்குப் போனால் நெருப்பாக எரிகிறதாம், கொஞ்சூண்டு வருகிறதாம், டீ மாதிரி இருக்கிறதாம். நேற்று ஒரு சட்டைக்குப் பையின் வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டாள், அம்மா அப்படிச் செய்து நீ பார்த்திருக்கிறாயா? அப்பாவிடம் குளிர் ஒத்துக்கல என்று சொன்னாள், அப்பா ஒரு மாத்திரையைக் கொடுத்தார், அதை விழுங்கக்கூட அரை வாய்த் தண்ணீர்தான் குடித்தாள். நான் வயிற்றில் இருக்கும்போது அம்மாவுக்குச் சிறுநீரகத்தில் கிருமி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள், இனிமேல் தண்ணீர் குறையவே கூடாது, இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொன்னார் என்று நீதானே எனக்குச் சொல்லியிருக்கிறாய். அப்போது நீ கீழ்வீட்டில் தூங்காமல் அழுதுகொண்டிருந்தாய் என்றும் சொன்னாய். நீ நர்ஸ், உனக்குத் தெரியும், இது அதேதானா? அதேதான் என்றால் நீ அப்பாவுக்குப் போன் பண்ணு, ஸ்பீக்கரில் போட வேண்டாம் என்று சொல், நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லாதே, நீயாகவே குரலை வைத்துக் கண்டுபிடித்த மாதிரி சொல். ஆனால் இந்தப் பார்சல் உன் கைக்கு எப்போது வரும்? எலக்ட்ரீஷியன் மாமாவின் மகள் போய்ச் சேர்ந்து, உனக்கு டியூட்டி இல்லாத நாள் பார்த்து நீ போய் வாங்கி, ஸ்வெட்டரைப் பிரித்து, அதற்குள்

அக்கா, மறுபடியும் எழுதுகிறேன். விடிந்துகொண்டிருக்கிறது. மேலே பாதியில் விட்டேனே, அப்போது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது, நகத்தால் சுரண்டுகிற மாதிரி மெதுவாக. காகிதத்தைப் புத்தகத்துக்குள் செருகிவிட்டுத் திறந்தேன். அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரமா உள்ளயே இருக்கியே, வயித்தால போகுதாடி என்று என்னைக் கேட்கிறாள்! அவள் நின்ற இடத்திலிருந்து அடுப்பு மாதிரி சூடு அடித்தது, பல் கிடுகிடுவென்று ஆடியது. உள்ளே போனாள், கதவைச் சாத்தக்கூட தெம்பில்லை, நான் திரும்பி நின்றேன். எரிச்சல் தாங்காமல் துணியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. முடிந்ததும் ஃப்ளஷை நிமிர்ந்து பார்த்தாள், இழுக்கவில்லை. மக்கில் அரைவாசி தண்ணீர் எடுத்து, சத்தம் வராமல் ஓரமாகச் சரித்து ஊற்றினாள், அந்தக் காய்ச்சலிலும். ஊற்றிவிட்டுச் சுவரோடு சாய்ந்து அப்படியே வழுக்கிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். நான் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. அப்பாவை எழுப்பிடாத, சத்தியம் பண்ணியிருக்க என்றாள்.

சத்தியத்தை நினைத்து எனக்கு இருந்த பயம் போகவில்லை அக்கா, இப்போதும் இருக்கிறது. ஆனால் அம்மாவின் கண் ஒரு மாதிரி மேலே சொருகியதும் எனக்கு அதைவிடப் பெரிய பயம் வந்துவிட்டது. அப்பா என்று கத்தினேன், கட்டிடம் முழுக்க விளக்குப் போட்டிருப்பார்கள், அப்படிக் கத்தினேன். அப்பா ஓடிவந்ததும் பாட்டில், செடி, ஈரத்துணி, எரிச்சல், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன். அப்பா இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி நின்றார். ஏன்டி, இத்தனை நாளா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே என்று அம்மாவைக் கேட்டார். சொன்னா கீழ போய்க் கத்துவீங்க என்றாள் அம்மா. கத்த மாட்டேன், கத்தவே மாட்டேன், எழுந்திரு என்று அம்மாவை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டார். ஊருக்கெல்லாம் லிஃப்ட் பார்க்கிறவர் வீட்டில் லிஃப்ட் கிடையாது, ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி இறங்கினார், நான் முன்னால் டார்ச் அடித்துக்கொண்டே போனேன். கீழ்வீட்டுக் கதவு திறந்தது. மாமா சண்டைக்குத் தயாராகத்தான் வந்தார், என்னய்யா இந்நேரத்துல என்று ஆரம்பித்தவர் அம்மாவைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அப்பா, வேன் சாவி எடுங்க, தயவு பண்ணுங்க என்றார். மாமா பனியனோடு ஓடினார், செருப்புகூடப் போடவில்லை.

என்னைத் தனியாக விடக்கூடாது என்று அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். என்ன ஆச்சு என்று கேட்டார், இவரிடம் சொல்லலாமா கூடாதா என்று இனிமேல் யோசிக்க என்ன இருக்கிறது, சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே வந்தவர் அம்மாவின் மிஷின் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். உங்கப்பா காதுல விழணும்னுதான்டி தட்டினேன், அவருக்குத்தான் ரோஷம் வரணும்னு தட்டினேன், பகல்ல தட்டினா மேல இவ ஒருத்திதானே இருப்பான்னு எனக்கு ஏன் தோணல என்று முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, எனக்கே இவ்வளவு நாள் தோன்றவில்லையே. பிறகு எழுந்து முகம் கழுவிவிட்டு எனக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தார். இனிமே நீங்க இந்தக் கக்கூஸை உபயோகிக்காதீங்க, எங்க வீட்டுது திறந்தே கிடக்கும், கேக்கக்கூட வேண்டாம் என்றார். அந்த நாளைக்குவை இன்னைக்கே காதைப் பிடிச்சு இழுத்துட்டு வர்றது என் பொறுப்பு என்றும் சொன்னார். அவர் இழுத்துவந்தாலும் வந்துவிடுவார், குரல் அப்படி.

கொஞ்சம் முன்னால் அத்தையின் போனில் அப்பா கூப்பிட்டார். நான் பயந்த அதே கிருமிதானாம், சிறுநீரகம் வரை ஏறிவிட்டதாம், ஊசி போட்டுக் குளுக்கோஸ் ஏற்றுகிறார்களாம், சில நாள் அங்கேயே இருக்க வேண்டுமாம். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் சிரமமாகியிருக்கும், நல்ல வேளை கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். இதெல்லாம் அப்பா உனக்கும் போனில் சொல்வார், ஆனால் லேசான காய்ச்சல், சரியாயிடுச்சு என்றுதான் சொல்வார், அதனால்தான் இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் அனுப்புகிறேன். அம்மா நலம் என்று சொன்னால் இனிமேல் அப்படியே நம்பாதே அக்கா, இன்னைக்கு எத்தனை டம்ளர் குடிச்சே என்று கேள், கேட்டுவிட்டு என்னையும் கேள், இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார். ஆனால் அவளைத் திட்டாதே, அப்பாவையும் திட்டாதே, அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பேசும்போதே குரல் உடைந்தது. கதவுக்கு வெளியே பார்சலை வாங்க வருகிற அக்காவின் வண்டிச் சத்தம் கேட்கிறது, சீக்கிரம் முடிக்கிறேன். அம்மா சொல்லி எழுதின கடிதத்தில் விட்டுப்போன ஆசீர்வாதமும் இதில் சேர்த்துக்கொள், நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு, யார் வீட்டிலும் எதற்கும் கூச்சப்படாதே. அப்புறம் நீயும் வார்டில் நோயாளி கூப்பிடுகிறார், ஓய்வே இல்லை என்று அடக்கிக்கொண்டு நிற்காதே, நர்ஸ்கள் எல்லாரும் அப்படித்தான் என்று நீயே ஒரு தடவை சொன்னாய்.

ஒன்று சொல்ல மறந்தேன். அப்பா போனை அம்மாவிடம் கொடுத்தார். சத்தியத்தை மீறினதற்கு என்ன சொல்வாளோ என்று போனைக் காதில் ஒட்டாமல் பிடித்துக்கொண்டேன். கழுதை, பார்சலைக் கட்டினியா என்றாள், குரல் ரொம்ப மெதுவாக. கட்டிவிட்டேன் என்றேன். வலிக்கிறதா என்றேன். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், இருடி, ரொம்ப முட்டிக்கிட்டு வருது, நான் போகணும், நர்ஸைக் கூப்பிடு என்று யாரிடமோ சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

இந்தக் கடிதம் உன் கண்ணில் படும்வரை கவலையோடு இருக்கும்,
உன் வாலு